பழைய பெருங்கடல் பாய்மரப் படகைத் தேர்ந்து வாங்குதல்

ஒதுங்கக் கரையில்லாத கடலில் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து ஓடவும், இடையில் வரும் புயலைத் தாங்கி மிதக்கவும் வல்ல பாய்மரப் படகே பெருங்கடல் படகு. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனிலுள்ள செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். கலாபகஸ் தீவுகளிலிருந்து பசிபிக் நடுவிலுள்ள மார்க்கேசாஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000. 35, 40 அடிப் படகு நாளொன்றுக்கு 100 முதல் 140 கடல் மைல்தான் கடக்கும். அத்தனை நாளுக்கும் வேண்டிய குடிநீர், உணவு, டீசல், உதிரிப் பாகங்கள் எல்லாம் படகுக்குள்ளேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டே பேர் மாறி மாறி விழித்திருந்து ஓட்ட வேண்டும். உடைந்ததை உடைந்த இடத்திலேயே சரிசெய்தாக வேண்டும். விடுமுறை நாளில் விரிகுடாவுக்குள் ஓட்டுவதற்காகக் கட்டிய படகிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

இத்தகைய படகைப் புதிதாகக் கட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. பெருங்கடல் கடக்கும் தம்பதியரும் குடும்பங்களும் பலர் 1970களுக்கும் 1990களுக்கும் இடையில் கட்டப்பட்ட ஃபைபர் கிளாஸ் படகுகளில்தான் போகிறார்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. உலகைத் தனியாகச் சுற்றிவரும் கோல்டன் குளோப் போட்டியின் விதியே 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி நீளமுள்ள, முழுநீளக் கீல் என்ற அடித்தண்டு கொண்ட படகைத்தான் கேட்கிறது. 2022இல் தொடங்கிய போட்டியில் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி இரண்டாமிடம் பெற்றது ரஸ்ட்லர் 36 என்ற பழைய ஆங்கிலேய வகைப் படகில். ஃபைபர் கிளாஸ் உடல் உளுப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை. தடிமனாக வார்த்த உடல் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் உறுதி குலையாமல் நிற்கும். மூப்பு எய்துவது அதில் பூட்டியவை: பாய்மரம், கம்பி, வால்வு, தொட்டி, எஞ்சின், மின்கம்பி, மேல்தளத்தின் உள்மரம்.

ஆகவே வாங்குபவர் படகை இரு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடலின் வடிவம், கீல், சுக்கான் அமைந்த விதம், உள்ளே உடலோடு ஒட்டிய குறுக்குத் தடுப்புகள் ஆகியவற்றை எவ்வளவு பணம் கொடுத்தாலும் மாற்றுவது அரிது. மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். மாற்றும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழிக்கலாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது ரேடாரும் புது மெத்தையும் கண்ணில் படுகின்றன, கீல் நீருக்கடியில் மறைந்து கிடக்கிறது. மாற்ற முடியாததை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கு ஒன்றே பல தவறான கொள்முதல்களைத் தடுக்கும்.

நல்ல உடலின் மதிப்பைக் காட்டிய நிகழ்வுகள் பல. 1979 ஆகஸ்ட்டில் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் ஃபாஸ்ட்நெட் போட்டிப் படகுகள் 303ஐப் புயல் தாக்கியது. போட்டியாளர் 15 பேர் இறந்தனர். ஆட்கள் கைவிட்டு வெளியேறிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே, மற்றவை பின்னர் மிதந்த நிலையில் மீட்கப்பட்டன. மிகச் சிறிய பிரிவில் போட்டியை முடித்த ஒரே படகு அசென்ட் என்ற கான்டெசா 32. 1991 அக்டோபரில் அட்லாண்டிக்கில் எழுந்த பெரும்புயலில் சட்டோரி என்ற வெஸ்ட்செயில் 32 படகிலிருந்தவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல் படை மீட்டது. ஆளில்லாத அந்தப் படகு தானே மிதந்து மேரிலாந்துக் கடற்கரையில் பெரிய சேதமின்றி ஒதுங்கியது.

எண்களைப் படிக்கும் முறை

ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். தயானா 37 அதற்குப் பொருத்தமானது. அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் பெர்ரி வரைந்து, தைவானின் தா யாங் பட்டறை 1976 முதல் கட்டியது. சுமார் 600 படகுகள் வெளிவந்ததால் இன்றும் உலகின் பல துறைமுகங்களில் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதன் குணமும் குறையும் உரிமையாளர்களுக்கு நன்கு தெரிந்தவை. படகின் முன்முனையான அணியத்தில் நீட்டிய மரத்தை விட்டுவிட்டால் நீளம் 36 அடி 8 அங்குலம், அகலம் 11 அடி 6 அங்குலம், நீருக்குள் ஆழம் 5 அடி 8 அங்குலம், எடை 22,500 பவுண்டு, அதாவது பத்து டன்னுக்குச் சற்று மேல். இரு முனையும் கூர்ந்த உடல், பாய்மரத்துக்கு முன் இரண்டு பாய் ஏற்றும் கட்டர் அமைப்பு.

முதலில் பார்க்க வேண்டியது நீளத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம். எடையை ஆங்கில டன்னில் எடுத்து, நீர்மட்ட நீளத்தை அடியில் அளந்து நூறால் வகுத்துக் கனப்படுத்திய எண்ணால் வகுப்பது வழக்கம். 200க்குக் கீழ் வந்தால் இலகுவான படகு, 300க்கு மேல் வந்தால் கனமான படகு. தயானா 37இன் நீர்மட்ட நீளம் 31 அடி. விகிதம் 340ஐ ஒட்டி வருகிறது. கனமான படகு மென்காற்றில் சோம்பும், எதிர்காற்றில் பின்தங்கும். ஆனால் இரண்டு பேருக்கான மூன்று மாதச் சரக்கை ஏற்றினாலும் அதன் குணம் அதிகம் மாறாது; அலையில் அதன் அசைவு மெதுவாக இருப்பதால் உள்ளிருப்பவர் சமைக்கவும் உறங்கவும் முடியும். இலகுவான படகில் அதே சரக்கு நீர்மட்டக் கோட்டையே மூழ்கடித்துவிடும். நீண்ட பயணத்தில் வேகத்தைவிட உறக்கம் பெரிது என்பதால், 250க்கும் 350க்கும் இடைப்பட்ட படகுகளே இருவர் பயணத்துக்கு ஏற்றவை.

அடுத்தது கவிழ்தல் குறித்த எண். ஃபாஸ்ட்நெட் பேரிடருக்குப் பின் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த எளிய சூத்திரம் இது. எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அகலத்தை வகுக்க வேண்டும். விடை 2க்கு மேற்பட்டால் பெருங்கடலுக்கு உகந்ததன்று. தயானா 37க்கு 1.63 வருகிறது. அடிப்பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை. எனவே இதை வடிகட்டியாக மட்டும் கொண்டு, எத்தனை டிகிரி சாய்ந்த பிறகு படகு நிமிர மறுக்கும் என்பதைக் காட்டும் நிலைப்பு வரைபடத்தை வடிவமைப்பாளரிடமோ உரிமையாளர் சங்கத்திடமோ கேட்டுப் பெறுவது நல்லது. அந்த அளவு 120 டிகிரிக்குக் குறையாத படகு தலைகீழாகப் புரண்டாலும் அடுத்த அலையில் நிமிர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பாவில் 1998 முதல் விற்கப்பட்ட புதுப் படகுகளுக்குத் தரவகை எழுத்து உண்டு. ‘ஏ’ என்பது பெருங்கடல் வகை: பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 8க்கு மேற்பட்ட காற்றும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் தாங்கும் என்று பொருள். அதற்கு முந்திய படகுகளில் இந்த எழுத்து இராது, அது குறையுமன்று. எழுத்து இருக்கும் படகெல்லாம் பசிபிக் கடக்க ஏற்றது என்றும் கொள்ளக்கூடாது. இருபது நாள் குடிநீர் கொள்ளுமா, சாய்ந்த நிலையில் அடுப்பருகே நிற்க முடியுமா என்பதற்கெல்லாம் அந்த எழுத்தில் விடையில்லை.

படகு கிடைக்கும் இடங்கள்

பயணம் முடியும் இடங்களில்தான் நல்ல படகுகள் விலைக்கு வருகின்றன. நியூசிலாந்து, தாகித்தியை அடுத்த ராயாத்தியா, மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட், கரீபியனில் டிரினிடாட், கிரெனடா போன்ற இடங்களில், பாதி உலகம் சுற்றியபின் பணமோ உடல்நலமோ மன ஒற்றுமையோ தீர்ந்து கரையேறியவர்களின் படகுகள் காத்திருக்கின்றன. காற்றாடித் தானியங்கிச் சுக்கான், சூரியத் தகடு, கனத்த நங்கூரச் சங்கிலி, மிதவைப் படகு எல்லாம் அவற்றில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஒரு வெப்பமண்டலப் பருவம் முழுவதும் பூட்டிக் கிடந்த படகில் பாயும் கயிறும் வெயிலில் நைந்திருக்கும், உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில் ஓடிய படகுகளுக்கு உப்புநீரே தெரியாது. உலோகம் புதிதுபோல் இருக்கும், பயணச் சாதனங்கள் மட்டும் எதுவும் இருக்காது. இரண்டில் எது மலிவு என்பதைப் பட்டியல் போட்டுப் பார்த்தபிறகே சொல்ல முடியும்.

தொலைதூரத் துறையில் படகு வாங்கிப் பெருங்கடல் கடந்து வீடு கொண்டுபோகும் வழக்கம் புதிதன்று. முன்பே சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், 1930களில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு வணிகத்தில் ஓடிக்கொண்டிருந்த அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். அந்தக் கப்பலின் உடலும் அந்த மாலுமிகளின் திறனும் இன்னும் பெருமையோடு பேசத் தக்கவை.

கீலும் சுக்கானும்

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தாமல் கொள்முதலை முடிக்கக்கூடாது. தூக்கிய உடனே பார்க்க வேண்டியது, கீல் உடலோடு சேரும் இடம். கீல்கள் இரு விதம். ஒன்று, ஈயமோ இரும்போ வார்த்துப் பெரிய போல்ட்டுகளால் உடலுக்கு அடியில் முடுக்கியது. மற்றது, தயானா 37இல் உள்ளதுபோல் உடலோடு சேர்த்து வார்த்த குழிவுக்குள் இரும்புப் பாரத்தை இறக்கி மூடியது. இரண்டாவதில் போல்ட் இல்லை, அறுந்து விழும் அச்சமும் இல்லை. ஆனால் பாறையில் மோதி அடிப்பகுதி கிழிந்திருந்தால் உள்ளே நீர் புகுந்து இரும்பு துருப்பிடித்து வீங்கும். கீலின் அடிவிளிம்பைத் தட்டிப் பார்த்து, ஒட்டுப்போட்ட இடங்களைக் கூர்ந்து நோக்கி, எங்காவது செந்நிற நீர் கசிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

போல்ட் முடுக்கிய கீலில் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் நடுவில் கீலை இழந்து கவிழ்ந்தது, நால்வரும் இறந்தனர். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு, முன்பு பலமுறை தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பொருந்திய அமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று கண்டது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படகு எப்போதாவது தரைதட்டியதா என்பது. தட்டியதென்றால் எப்போது, எங்கே, யார் பழுதுபார்த்தார் என்பதற்கு ரசீது வேண்டும். உள்ளே போல்ட்டுகளைச் சுற்றிய விரிசல், துருக்கறை, பின்னாளில் பூசிய ஃபைபர் ஒட்டு ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் மேலே செல்லக்கூடாது.

சுக்கானைக் கையால் பிடித்து இருபக்கமும் முன்பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துள்ளது. அது சிறு வேலை. படகைத் தூக்கி மறுநாளும் சுக்கானின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் அரித்திருக்கலாம். அது பெரிய வேலை. கீலின் பின்விளிம்பில் கீழும் மேலும் தாங்கி நிற்கும் சுக்கான், மிதக்கும் மரக்கட்டையில் மோதினாலும் பிழைக்கும். இந்த வகைப் படகுகள் பெருங்கடல் பயணிகளிடம் மதிப்பிழக்காமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நீர்மட்டத்துக்குக் கீழே உடலில் கொப்புளங்கள் இருக்கலாம். ஃபைபர் கிளாஸுக்குள் மெல்ல நுழையும் நீர் அங்குள்ள வேதிப்பொருளோடு சேர்ந்து அழுத்தம் உண்டாக்குவதால் மேற்பூச்சு வீங்குகிறது. சில கொப்புளங்களுக்காக நல்ல படகைக் கைவிட வேண்டியதில்லை. கீறி, உலர்த்தி, எப்பாக்சி பூசினால் போதும். உடல் முழுவதும் படர்ந்திருந்தால் மேலடுக்கைச் சீவி எடுத்து மாதக்கணக்கில் உலர்த்த வேண்டியிருக்கும். சில படகுகள் கட்டிய காலத்தாலேயே இதற்கு ஆளானவை. பெர்ரியின் மற்றொரு புகழ்பெற்ற படைப்பான வாலியன்ட் 40இல், 1970களின் பிற்பகுதியில் தீத்தடுப்பு ரெசின் கொண்டு வார்த்தவை கடுமையாகக் கொப்புளித்தன. அதே படகின் பிந்திய வார்ப்புகளில் அந்தச் சிக்கல் இல்லை. வகையின் பெயரோடு கட்டிய ஆண்டையும் உடல் எண்ணையும் சேர்த்து விசாரிப்பது இதனால்தான்.

மேல்தளத்து நீர்

கடலிலிருந்து வரும் நீரைவிட வானத்திலிருந்து வரும் நீரே பழைய படகுகளை அதிகம் கெடுத்திருக்கிறது. மேல்தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்து ஒட்டியது. இலகுவாகவும் விறைப்பாகவும் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. தளத்தில் பொருத்திய ஒவ்வொரு வளையமும் கம்பமும் ஜன்னலும் அந்த நடுமரத்தைத் துளைத்துச் செல்கிறது. சுற்றியுள்ள பசை பத்து பதினைந்து ஆண்டில் உயிரிழந்ததும் மழைநீர் இறங்கி மரத்தைக் கூழாக்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் கூர்மையான ஒலி வரும். கெட்ட இடத்தில் மொத்தை ஒலி வரும். காலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் இடம் ஏற்கெனவே அழுகிப்போனது. மழை பெய்த மறுநாள் படகைப் பார்க்கப் போவது மிகச் சிறந்தது. மழையில்லா நாளில் உரிமையாளரின் ஒப்புதலோடு குழாய்நீரை அரைமணி நேரம் தளத்தில் பாய்ச்சிவிட்டு, உள்ளே அலமாரிக் கதவுகளைத் திறந்து, கையை நீட்டி மூலைகளைத் தடவிப் பார்க்கலாம். உள்மரத்தில் ஜன்னலுக்குக் கீழே கண்ணீர்த் தடம்போல் இறங்கும் கருங்கறை பழைய கசிவின் சாட்சி.

தைவான் படகுகள் பலவற்றின் அழகு அவற்றின் தேக்குத் தளம். அதன் ஆபத்தும் அதுவே. தேக்குப் பலகைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருகாணிகளால் கீழ்த்தளத்தோடு பிணைத்திருப்பார்கள். தேக்கு தேய்ந்து மெலிந்ததும் திருகாணியை மூடிய மரத்தக்கை கழன்று விழும். ஒவ்வொரு துளையும் நடுமரத்துக்கு நீர் ஊட்டும் வாயாகும். தக்கைகள் பரவலாகக் கழன்ற தளத்தைச் சீர்செய்ய ஒரே வழி, தேக்கு முழுவதையும் பெயர்த்தெடுத்து, அழுகிய மரத்தை வெட்டி நீக்கி, புது ஃபைபர் போர்த்துவது. பட்டறைக்குக் கொடுத்தால் பழைய படகின் விலையில் பெரும்பகுதியை விழுங்கும் வேலை இது. தானே செய்தால் ஒரு முழுப் பருவம் போகும். முந்திய உரிமையாளர் இதை முறையாகச் செய்து முடித்த படகு கிடைத்தால் சற்று அதிக விலை கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தயானா 37இல் தளமும் உடலும் சேரும் விளிம்பு உயர்ந்து பெட்டிபோல் உள்ளீடற்று இருக்கிறது. அதன்மேல் தேக்குக் கட்டை. அதைத் துளைத்துக் கம்பங்களும் கயிறு செல்லும் வழிகளும். நீர் அங்கே புகுந்தால் பெட்டிக்குள்ளேயே ஓடி எங்கோ தொலைவில் சொட்டும். சொட்டும் இடத்தில் பசை தடவிப் பயனில்லை, புகும் இடத்தைத் தேட வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்குபவை

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துக் கட்டிய ஸ்டெயின்லெஸ் எஃகுக் கம்பிகளே அதை நிறுத்துகின்றன. கம்பிகளில் ஒன்று அறுந்தால் நிமிடத்துக்குள் மரம் கடலில் கிடக்கக்கூடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றியே தீர வேண்டும் என்பது பொது விதி. பல காப்பீட்டு நிறுவனங்களும் கம்பியின் வயதைக் கேட்கின்றன. ரசீது இல்லாவிட்டால் வயது முடிந்ததாகவே கொள்ள வேண்டும். கம்பி முனையை அழுத்திப் பிடித்திருக்கும் உறைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் முடிபோன்ற விரிசல் தெரியக்கூடும். ஓர் இழை அறுந்து துருத்தியிருந்தாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது.

கம்பியைவிட ஆபத்தானது அதைப் படகோடு பிணைக்கும் செயின் பிளேட் என்ற தகடு. தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இந்தத் தகட்டில் கெடுவது பெரும்பாலும் தளத்துக்குள் மறைந்த அந்த ஓரங்குலம்தான். ஸ்டெயின்லெஸ் எஃகு காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் தன் மேல் பாதுகாப்புப் படலத்தைப் பேணுகிறது. காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அங்கே ஊசிமுனைக் குழிகளாக அரிக்கத் தொடங்கும். மேலும் கீழும் கண்ணாடிபோல் மின்னும் தகடு நடுவில் பாதி தின்னப்பட்டிருக்கும். 30 ஆண்டு கடந்த படகில் ஒரு தகட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. மறுத்தால், எல்லாத் தகடுகளையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். அணியத்தில் நீட்டிய மரத்தைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் தகடு நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் அதையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

தயானா 37இன் தொடக்ககாலப் படகுகள் சிலவற்றுக்கு மரத்தாலான பாய்மரம். ஒட்டிய மூட்டுகள் விரிந்து, குறுக்குக் கைகள் சேரும் இடத்திலும் அடியிலும் உளுத்திருக்க வாய்ப்புண்டு. விருப்பமும் தச்சுக் கையும் உள்ளவரைத் தவிர மற்றவர் அலுமினிய மரம் உள்ள படகையே நாடுவது நல்லது.

எஞ்சின், தொட்டி, வால்வு

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் மீண்டும் போகலாம். முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, புகை என்ன நிறம் என்பவை பல செய்திகளைத் தரும். கரும்புகை சுமை மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நிற்காத வெண்புகை எரியாத டீசலோ உள்ளே புகுந்த நீரோ இருப்பதைக் காட்டும். எண்ணெய் பால்கலந்ததுபோல் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். ஓடிய மணிநேரம் குறைவு என்று விற்பவர் பெருமைப்படும் எஞ்சின், பல ஆண்டு ஓடாமல் கிடந்து உப்பேறியதாக இருக்கலாம். ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓடிய பழைய பெர்கின்ஸ் 4-108 அதைவிட நம்பத்தக்கது.

எரிபொருள் தொட்டியைப் பலர் பார்ப்பதே இல்லை. தயானா 37 பலவற்றில் அணியத்துப் படுக்கைக்கு அடியில் சுமார் 90 கேலன் கொள்ளும் இரும்புத் தொட்டி இருக்கிறது. நிரப்பினால் ஏறத்தாழ 300 கிலோ எடை படகின் மூக்கில் ஏறி, அலையில் அணியம் எழத் தயங்கும். இரும்பும் காலப்போக்கில் துருப்பிடித்து ஒழுகும். பல உரிமையாளர்கள் அதை வெட்டியெடுத்து, நடுவில் அலுமினியத் தொட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வேலை முடிந்த படகா என்று விசாரிப்பது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு வால்வு உண்டு. ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். வெண்கல வால்வு நீடிக்கும். பித்தளையில் துத்தநாகம் கரைந்து வெளியேறிச் செம்பு மட்டும் சொரசொரப்பாக மிஞ்சும். சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும், தட்டினால் உடையும். அத்தகைய ஒரே வால்வு போதும் படகை மூழ்கடிக்க.

மின்கம்பிகளில் வெள்ளீயம் பூசிய தாமிரம் இல்லையென்றால் உப்புக் காற்றில் உட்புறம் வரை கருத்திருக்கும். முழுவதையும் மாற்றுவதாகவே கணக்கிடலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அதன் சிலிண்டர் இருக்கும் பெட்டி, கசிந்த வாயு படகின் அடிக்குழிக்குள் இறங்காமல் வெளியே வடியும்படி அமைந்திருக்க வேண்டும். மின்னணுக் கருவிகளுக்கு விலை கொடுக்க வேண்டாம். ஐந்தாண்டு பழகியவை பெரும்பாலும் மாற்றத்தக்கவையே. தானாகத் திசை பிடிக்கும் காற்றாடிச் சுக்கான் அப்படியன்று. ஏரிஸ், மானிட்டர், ஹைட்ரோவேன் போன்ற பழைய கருவிகள் மின்சாரமின்றி இரவுபகல் படகை ஓட்டும். இரண்டுபேர் பயணத்தில் மூன்றாவது மாலுமி. உயிர்காப்பு மிதவையின் அடுத்த பரிசோதனைத் தேதியையும், அவசர பீக்கனின் மின்கலக் காலாவதியையும் அவற்றின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

சர்வேயர், சோதனை ஓட்டம், காகிதங்கள்

இத்தனையும் பார்த்த பிறகும் படகைச் சோதித்து அறிக்கை தரும் தனிச் சர்வேயர் ஒருவரை வாங்குபவரே தன் செலவில் அமர்த்த வேண்டும். தரகர் பரிந்துரைக்கும் பெயரை ஏற்காமல், அந்த வகைப் படகை முன்பு சோதித்தவரைத் தேடுவது சிறப்பு. விற்பவர் காட்டும் பழைய அறிக்கை குறிப்புக்கு உதவும், முடிவுக்கு உதவாது. வழக்கமான முறையில் விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாக வைத்து, சர்வேயும் சோதனை ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவதாக ஒப்பந்தம் எழுதப்படும். அந்த நிபந்தனை எழுத்தில் இல்லாமல் பணம் கைமாறக்கூடாது. படகைத் தூக்கும்போது வாங்குபவர் அருகிலேயே இருந்தால், அறிக்கையில் எழுதத் தயங்கும் பல செய்திகளைச் சர்வேயர் வாய்மொழியாகச் சொல்வார்.

சோதனை ஓட்டத்துக்கு மணிக்கு 15, 20 கடல் மைல் வேகக் காற்றுள்ள நாள் நல்லது. எல்லாப் பாய்களையும் ஏற்றி இறக்கி, மடித்துச் சுருக்கி, எதிர்காற்றில் ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அப்போது காற்றொதுங்கிய பக்கத்துக் கம்பிகள் மிகத் தளர்ந்து ஆடினால், அல்லது உள்ளே ஒரு கதவு திடீரென்று மூட மறுத்தால், உடல் நெளிவதாக இருக்கலாம்.

படகின் கடன் படகோடு போகும். பட்டறைக்கோ துறைமுகத்துக்கோ ஊதியம் பெறாத மாலுமிக்கோ பழைய உரிமையாளர் வைத்த பாக்கிக்காகப் புது உரிமையாளரின் படகைச் சிறைபிடிக்கலாம் என்பது கடல்சட்டத்தின் நெடுநாள் மரபு. ஆகவே பதிவு அலுவலகத்தில் படகின் மீதுள்ள அடமானம், உரிமைத் தொடர்ச்சி ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். 1972 இறுதிக்குப் பின் அமெரிக்காவில் கட்டிய அல்லது விற்ற படகுகளின் பின்புறத்தில் பொறித்த உடல் எண், காகிதத்திலுள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியக் கடலில் கிடக்கும் படகானால் மதிப்புக்கூட்டு வரி கட்டிய சான்று வேண்டும். அது தொலைந்த படகில், வரி முழுவதும் வாங்குபவர் தலையில் விழக்கூடும்.

வாங்கிய பிறகு

விலை பேசும்போதே கையிலுள்ள தொகையைப் பிரித்துவிட வேண்டும். பாதியைப் படகுக்கும் மறுபாதியைச் சீர்செய்வதற்கும் ஒதுக்குவது மிகையான எச்சரிக்கையன்று. உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகம், கரையில் உளுத்துக் கிடந்த ஸ்பிரே என்ற பழைய சிப்பி பிடிக்கும் படகை இலவசமாகவே பெற்றார். அதை மீண்டும் கட்ட 13 மாதமும் 553 டாலர் 62 சென்டும் ஆயின. அதன்பிறகுதான் 1895இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார்.

செலவிடும் வரிசையில் நீர் உள்ளே வரும் வழிகள் முதலில்: வால்வு, குழாய், சுக்கான் தண்டு, தளக் கசிவு. அடுத்துப் பாய்மரக் கம்பியும் தகடுகளும். பிறகு நங்கூரம்: இந்த எடையுள்ள படகுக்கு 10 மில்லிமீட்டர் சங்கிலி குறைந்தது 60 மீட்டரும், அதைத் தூக்கும் விஞ்சும். எஞ்சின், பாய், மின்சாரம் அதன்பின். குளிர்சாதனப் பெட்டியும் நீர் வடிக்கும் கருவியும் கடைசி. அவை இல்லாமல் பெருங்கடல் கடந்தவர் ஏராளம்.

சீர்செய்து முடித்ததும் முதல் நீண்ட ஓட்டம் கரையோரமாகவே ஒரு வாரமாவது இருக்க வேண்டும். அதில் இரண்டு இரவாவது நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். புதுக் கம்பிகள் அந்த ஓட்டத்தில் சற்று நீளும். திரும்பியதும் மீண்டும் முறுக்க வேண்டும். செயின் பிளேட் போல்ட்டுகள், எஞ்சின் தாங்கிகள், சுக்கான் இணைப்புகள் எல்லாவற்றையும் திருகுசாவி போட்டு மறுபடி பார்க்க வேண்டும். டீசல் வடிகட்டியைக் கழற்றினால், அலையில் கலங்கி எழுந்த தொட்டியின் பழைய அழுக்கு அதில் படிந்திருக்கும். அது தெளியும்வரை வடிகட்டிகளை மாற்றிக்கொண்டே இருந்து, இரண்டு டஜன் உதிரியாகவும் எடுத்துக்கொண்டு புறப்படலாம்.